மணையை விட்டுப் பிரியாத மண்டபம்

முன்னொரு காலத்தில், உட்கார்ந்திருப்பதே உழைப்பு என்று நம்பிய அரசன் ஒருவன் இருந்தான். நம்பிக்கைக்குக் காரணம் எளியது: அவன் செய்த வேலை அது ஒன்றுதான்.

ஒரு நாள் அவன் உப்பரிகையில் சாய்ந்திருந்தபடி கீழே பார்த்தபோது, ஓலை மண்டபத்து எழுத்தர் இருவர் சாளரத்தருகே நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தனர்.

"நம் சம்பளத்தில் நிற்கிறார்களே!" என்று வியந்தான்.

அமைச்சர் மழவராயர், அரசன் வியந்தால் தாம் சினப்பதையும், அரசன் சினந்தால் தாம் கொதிப்பதையும் வழக்கமாகக் கொண்டவர். மாலைக்குள் முரசு அறையப்பட்டது: பணி நேரத்தில் ஓலை மண்டபத்து எவருடைய உடலும் தாம் அமரும் மணையை விட்டுப் பிரியலாகாது, பிரிந்தவர் நாடு கடத்தப்படுவார்.

உணவு மணைக்கே வந்தது. மற்றவற்றைப் பற்றி ஆணை எதுவும் பேசவில்லை. எழுத்தர்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டனர்.

சில வாரங்களில் முதுகுகள் வளைந்தன. மூத்த எழுத்தர் வடுகநாதரின் கால்கள் வாழைத்தண்டு போல் வீங்கின. இப்படியே இன்னும் சில காலம் இருந்தால் அவர் இனி எழவே இயலாது என்று மருத்துவர் கூறிவிட்டார். வடுகநாதர் அரசவை விகடகவி ஆதிச்சனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா ஆதிச்சா, இந்தக் கால் என்னோடதுதானான்னு கிள்ளிப் பார்க்கிறேன். கிள்ளினாலும் தெரியலை. ராசாவைச் சிரிக்க வைக்கிற ஆளாச்சே நீ, இதையும் கொஞ்சம் சொல்லேன்."

"சிரிக்க வைக்கலாம் அண்ணாச்சி. யோசிக்க வைக்கிறதுதான் கஷ்டம்."

ஆயினும் அவையில் சொன்னான். அரசன் பதில் தேடுமுன் மழவராயர் முந்திக்கொண்டார்.

"வேந்தே, இத்துணை இரக்கமுடையவர் நாளை ஒரு நாள் அம்மண்டபத்தில் அமர்ந்து எழுதட்டுமே! மாலைவரை ஆணையை மீறாதிருந்தால் அவர் வேண்டுவதை அருளுங்கள். மீறினால் அவரும் எல்லை தாண்டட்டும்."

"அவ்வாறே ஆகுக" என்றான் அரசன்.

மறுநாள் ஆதிச்சன் மணையில் அமர்ந்தான். நண்பகலில் வெளிவாயிலில் சங்கு முழங்கியது. அரசனை மண்டபத்துக்கே அழைத்து வந்துகொண்டிருந்தார் மழவராயர். பழைய வழக்கப்படி, அரசன் வரும்போது எழாதவனுக்குச் சிறை. புதிய ஆணைப்படி, எழுந்தவனுக்கு நாடு கடத்தல்.

"போச்சு, இப்ப என்ன செய்யிறது?" என்றார் வடுகநாதர்.

"மேல்துண்டை எடுங்க அண்ணாச்சி. எல்லாரும் எடுங்க. மணைக்குக் குட்டைக் கால் இருக்குல்ல, அடியில விட்டு இடுப்போட இறுக்கிக் கட்டுங்க. சீக்கிரம்!"

பல்லக்கு உள்ளே நுழைந்தது. மண்டபம் முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்தது. மணைகளும் உடன் எழுந்தன. எழுத்தர்கள் குனிந்து வணங்க, மணைகள் கூரையை நோக்கின.

"எழுந்துவிட்டார்கள்! வேந்தே, ஆணை மீறப்பட்டது!" என்று கூவினார் மழவராயர்.

"அமைச்சர் பெருமான் அருகில் வந்து பார்க்கட்டும்" என்றான் ஆதிச்சன், குனிந்தபடியே. "எவர் உடல் மணையை விட்டுப் பிரிந்திருக்கிறது? ஒரு விரல் நுழைய இடமிருந்தாலும் நான் இப்போதே எல்லை தாண்டுகிறேன்."

மழவராயர் உண்மையாகவே வந்து, வடுகநாதருக்கும் மணைக்கும் இடையே விரலை நுழைத்துப் பார்த்தார்.

"கூசுது சாமி!" என்றார் வடுகநாதர்.

அரசன் சிரித்த சிரிப்பில் பல்லக்குத் தூக்கிகள் தடுமாறினர்.

"வென்றாய், ஆதிச்சா. ஆயினும் இட்ட ஆணையைத் திரும்பப் பெறுவது எம் மரபன்று" என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டு. தவற்றைத் திருத்துவதினும் காப்பதே பெருமை என்று கருதும் குலம் அது.

"பெற வேண்டாம், வேந்தே. தங்களை வணங்கும் நேரம் பணி நேரம் அன்று என்று மட்டும் அருளுங்கள். பிறகு இரண்டு நாழிகைக்கு ஒரு முறை தங்கள் பாதுகைகள் இங்கே எழுந்தருளட்டும். இவர்கள் எழுந்து வணங்கி, முற்றத்தைச் சுற்றிப் பின்தொடர்ந்து, வழியனுப்பிவிட்டு அமர்வார்கள். ஆணையும் நிற்கும், இவர்களும் நிற்பார்கள்."

தன் செருப்புக்கு நாள் முழுதும் ஊர்வலம் என்றதும் அரசன் முகம் மலர்ந்தது. "நன்று! பாதுகைகளைச் சுமப்பவர் யார்?"

"கண்டவர் கையில் கொடுக்கலாகுமா? தங்கள்பால் பெரும்பக்தி கொண்டவர் சுமக்க வேண்டும்."

எல்லோரும் மழவராயரைப் பார்த்தனர். அவரால் மறுக்க இயலவில்லை. பக்தி குறைவு என்று ஒப்புக்கொள்வது அமைச்சர் பதவிக்கு ஒவ்வாது.

அரசன் மீண்டும் நகைத்து, தன் முத்துமாலையைக் கழற்றி ஆதிச்சன் கழுத்தில் இட்டான், பல்லக்கை விட்டு இறங்காமலே.

வடுகநாதரின் கால் வீக்கம் வடிந்தது. தலையில் பாதுகை ஏந்தி நாள்தோறும் முற்றத்தைச் சுற்றிய மழவராயரின் தொந்தியும் வடிந்தது. உடல்நலம் கருதி இந்த ஏற்பாட்டை அரசனுக்கு எடுத்துரைத்தது தாமே என்று பின்னாளில் அவர் எல்லோரிடமும் சொல்லிவந்தார். ஆள் இளைத்திருந்தபடியால், கேட்டவர்களும் நம்பினார்கள்.