மஞ்சளில் பதிந்த அன்னம்

இக்கதையைச் சொன்னவர் ஊர் ஊராக வளையல் விற்றுவந்த சொர்ணத்தம்மாள். 1971 ஐப்பசியில், அடைமழைக்குச் சந்தைக் கொட்டகையில் ஒதுங்கியிருந்த நேரத்தில் சொன்னார். அவர் சொன்ன வரிசை மாறாமல் இங்கே தரப்படுகிறது.

மலைக்கும் கடலுக்கும் நடுவிலிருந்த ஒரு நாட்டை முன்னொரு காலத்தில் அரிகண்டன் என்றொரு மன்னன் ஆண்டுவந்தான். கெட்டவன் அல்லன், புகழ்ச்சி என்றால் மட்டும் காது நீண்டுவிடும். அவன் தந்தை காலத்தில் தீபாவளிக்கு முந்தின நாள் அரண்மனை வாசலில் பெரிய கொப்பரை வைத்து, வீட்டுக்கு வீடு நல்லெண்ணெயும் அரிசியும் வழங்குவார்கள். பண்டகசாலை அதிகாரி திருமேனிராயருக்கு அது பிடிக்கவில்லை. “வாசலெல்லாம் பிசுக்கு, மகாராஜா! அயல்நாட்டுத் தூதர் வந்தால் வழுக்கி விழமாட்டாரா?” என்றார். மன்னன் தலையாட்டினான். கொப்பரை உள்ளே போயிற்று. அது இருந்த இடத்தில் ராயரின் பட்டுக்கடை முளைத்தது.

அடுத்த தீபாவளி நெருங்கியபோது ராயர் இன்னும் ஒரு படி ஏறினார்.

“ஆளுகிறவன் பெருமை குடிகளின் உடுப்பில் தெரியவேண்டும், பிரபு. பட்டு வாங்காத வீட்டில் பண்டிகை விளக்கு எரியக்கூடாது என்று ஓர் ஆணை போதும். ஊரே ஜொலிக்கும்!”

மந்திரி உடையபிரான் எழுந்தார். “ஊரில் பலர் வீட்டில் அடுப்பே ஜொலிக்கவில்லை, மகாராஜா.”

“பார்த்தீர்களா! மந்திரியாருக்கு நல்ல நாளிலும் ஒப்பாரிதான்,” என்று ராயர் சிரிக்க, சபையும் சிரித்தது. மன்னனும் சிரித்தான்.

“சரி, பந்தயம்,” என்றான் மன்னன். “ஆணை இன்றே போகட்டும். தீபாவளிக்கு முந்தின நாள் நானே பல்லக்கில் தெருத்தெருவாய்ப் போகிறேன். எல்லாத் தெருவிலும் பட்டைக் கண்டால், உடையபிரானே, உம் மந்திரிப் பதவி ராயருக்கு. சம்மதமா?”

“சம்மதம். ஒரே ஒரு விண்ணப்பம். புதுத்துணிக்கு மஞ்சள் வைத்து உடுப்பது நம் வழக்கம். ஆரத்தி எடுக்கும் பெண்களின் முந்தி முனையில் மகாராஜாவே மஞ்சள் வைக்கவேண்டும். தங்கள் முத்திரை மோதிரத்தால்.”

மன்னனுக்கு உச்சி குளிர்ந்தது. “ஆகா! என் அன்னம் ஊரெல்லாம் பறக்கட்டும்!” என்றான். அவன் மோதிரத்தில் அன்னப்பறவை பொறித்திருந்தது.

குறித்த நாளில் பல்லக்குப் புறப்பட்டது. முதல் தெருவில் நாலைந்து பெண்கள் பட்டுடுத்தி ஆரத்தியோடு நின்றார்கள். கிளிப்பச்சையில் மாங்காய்க் கரை போட்ட புடவை மன்னன் கண்ணைப் பறித்தது. மோதிரத்தை மஞ்சளில் தோய்த்து அதன் முனையில் அழுத்தினான். “வாழ்க! வாழ்க!” என்று கூவினார் ராயர். மந்திரி பல்லக்கின் பின்னால் நடந்தார்.

பல்லக்கு ஊர்ந்து, வளைந்து, அடுத்த தெருவுக்கு வந்தது. அங்கேயும் நாலைந்து பட்டுகள். அங்கேயும் ஒரு கிளிப்பச்சை. உடுத்தியிருந்தவள் குட்டையானவள்; கொசுவம் காலில் தடுக்கியது, மூச்சு வாங்கியது. முந்தியைக் கைக்குள் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

“விரி, அம்மா,” என்றான் மன்னன்.

அவள் தயங்கித் தயங்கி விரித்தாள். அதன் முனையில் மஞ்சள் இன்னும் காயாமல் ஈரமாய், அவனுடைய அன்னம்!

என் அன்னம் எனக்கு முன்னால் எப்படி இங்கே வந்தது? மன்னனுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. ராயருக்கு உடனே புரிந்துவிட்டது.

“மோசடி, பிரபு! இவள் போன தெருவிலிருந்து ஓடிவந்திருக்கிறாள்!”

“நான் ஓடிவரலைங்க ஐயா,” என்றாள் அவள். “புடவைதான் ஓடிவந்துச்சு.”

“யார் புடவை?” என்று மன்னன் உறுமினான்.

“ஊர்ப் புடவை, சாமி. அண்டாவையும் உழவு மாட்டையும் வித்து, எல்லாருமாச் சேர்ந்து வாங்கினது இந்த நாலஞ்சுதான். விளக்கில்லாத வீட்ல பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு எப்படிப் பண்டிகை கொண்டாடுறது? கோவிச்சுக்காம வெரசா மஞ்சளை வெச்சு அனுப்புங்க. அடுத்த தெருவில என் நாத்தனா கந்தலோட கதவுக்குப் பின்னால நிக்கிறா. இது போனாத்தான் அவ வெளியே வரமுடியும்.”

மன்னன் தெருவைப் பார்த்தான். இரு பக்கமும் ஒருக்களித்த கதவுகள். ஒவ்வொன்றின் இடுக்கிலும் ஒரு கண். தன்னைப் பார்க்க ஆவலாய் நிற்கிறார்கள் என்றல்லவா இவ்வளவு தூரமும் நினைத்து வந்தான்! அவன் முகம் தானாகத் தாழ்ந்தது. தோளில் கிடந்த சரிகை உத்தரீயம் கனத்தது.

“உடையபிரானே, உமக்கு இது முன்பே தெரியுமா?”

“தெரியும், மகாராஜா. சபையில் சொன்னேன், சிரித்தீர்கள். என் வாய்ச்சொல்லை ராயர் மறுத்துவிடலாம். உங்கள் மோதிரத்தை அவரால் மறுக்க முடியாதே.”

மன்னன் பல்லக்கிலிருந்து இறங்கினான். யார் கண்ணையும் பாராமல் நடந்தே அரண்மனை திரும்பினான். பட்டுக்கடை அன்றே எடுபட்டது. விற்ற மாடும் அண்டாவும் வீடு திரும்பின. கொப்பரை பழைய இடத்துக்கு வந்தது. துவைத்த பருத்தி வேட்டியில் மன்னன் நின்று எண்ணெய் முகந்து ஊற்றினான். பக்கத்தில் ராயர், பட்டு களைந்து, அரிசி அளந்தார்; அவர் காலடியெல்லாம் பிசுக்கு.

“வழுக்கப்போகிறது, ராயரே,” என்றார் மந்திரி. “பார்த்து நில்லும்.”

சொர்ணத்தம்மாள் இவ்விடத்தில் நிறுத்திவிடுவார். கடற்கரைப் பக்கத்தில் சொல்பவர்களோ முடிவை வேறாகச் சொல்கிறார்கள். அவர்கள் கதையில் மன்னன் அந்தப் பெண்ணிடம் எதுவுமே கேட்பதில்லை. ஈர அன்னத்தைக் கண்டதும் அதன் பக்கத்தில் இன்னொன்று பதித்து, முந்தியை அவளிடமே சுருட்டிக் கொடுக்கிறான். அடுத்த தெருவிலும் அப்படியே, கடைசித் தெரு வரைக்கும். கதவுக்குப் பின்னால் நின்றவர்கள் வெட்கப்பட்டுவிடக்கூடாதாம். அரண்மனை வந்து கை கழுவுகிறான், திரும்பத் திரும்பக் கழுவுகிறான். மோதிர விரலில் மஞ்சள் போகவே இல்லை என்று முடிக்கிறார்கள்.