வான்தோணியின் நூல்

நாற்காலிகள் மட்டுமே உறுப்பினர்களாக உள்ள மன்றம் ஒன்று ஒரு ஊரில் இருந்தது. நான்கு காலில் நிற்கத் தெரிந்தால் போதும், சேர்த்துக்கொள்வார்கள். மூன்று காலோடு வந்து நின்ற முக்காலியைக்கூடப் பெரிய மனது பண்ணிச் சேர்த்திருந்தார்கள்.

மன்றத்தின் மூலையில் வயிறு பெருத்த டிவிப் பெட்டி ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அது 'வான்தோணி' என்ற தொடரைக் காட்டும். வான்தோணி என்பது கிரகம் விட்டுக் கிரகம் போகும் கப்பல். உள்ளதைச் சொன்னால், இரண்டு தாம்பாளங்களை வாயோடு வாய் ஒட்டி, வெள்ளிப் பெயிண்ட் அடித்து, நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பச்சைச் சாயம் தோய்த்த கோணிச்சாக்குக்குள் யாரோ புகுந்துகொண்டு வேற்றுக்கிரகவாசி என்று நடந்தார்கள். வெளிச்சம் பட்டால் கப்பலுக்கு மேலே நூல் பளிச்சென்று தெரியும்.

அப்போதுதான் பிரம்பு நாற்காலிக்கு வேலை. மன்றத்தில் அதுதான் மூத்தது. நூல் தெரிந்த உடனே 'கிரீச்' என்று ஒரு சத்தம் போடும். அதைக் கேட்டு மற்ற நாற்காலிகளும் கிரீச்சிடும். அந்தக் கூச்சலில் எல்லாம் ஒன்றையொன்று திரும்பிப் பார்க்கும். மறுபடி திரையைப் பார்க்கும்போது கப்பல் நிலாவைத் தாண்டியிருக்கும். நூலைப் பற்றி ஒரு நாற்காலியும் இன்னொன்றிடம் வாய் திறந்ததில்லை. அப்படி ஒரு ஒற்றுமையை அந்த மன்றம் வேறெந்த விஷயத்திலும் கண்டதில்லை.

பிறகு பெட்டி பழுதாகிப் பேச்சு மூச்சில்லாமல் போனது. வெகுகாலம் வான்தோணி இல்லை. நாற்காலிகள் பழைய கதைகளையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு காலம் தள்ளின.

ஒருநாள் சுவரில் அகலத்திரை ஒன்று வந்து அமர்ந்தது. ஆள் ஒல்லி, பேச்சு மட்டும் வெண்ணெய். வான்தோணியைத் தான் புதிதாக எடுத்திருப்பதாகவும், பழைய பெயரையே வைக்க ஆசைப்படுவதாகவும் சொன்னது. ஒருவர் பெயரை இன்னொருவர் எடுத்துக்கொள்ள வேண்டுமானால், பழையவரோடு பழகியவர்கள் சம்மதிக்க வேண்டும் என்பது மன்றத்து வழக்கம். அதிலும் பிரம்பு நாற்காலி தலையசைக்காமல் எதுவும் நடக்காது. அகலத்திரைக்கு இது எப்படியோ தெரிந்திருந்தது.

"பெரியவரே, நானும் உங்களை மாதிரி ஒரு ரசிகன்தான்" என்று குழைந்தது.

பிரம்பு நாற்காலிக்கு அந்தக் குழைவே பிடிக்கவில்லை. கேட்காமலே இவ்வளவு பணிவு காட்டுகிறவன் எதையோ மறைக்கிறான் என்று அதற்குப் பட்டது. மடக்கு நாற்காலியோ, பார்க்காமலே படம் குப்பை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. முக்காலியும் பார்க்கவில்லை, பார்க்காமலே பிரமாதம் என்றது. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றது பிரம்பு நாற்காலி. அதற்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. புதியது மட்டமாக இருந்தால் அந்தப் பெயர் கெட்டுப்போகும். நன்றாக இருந்துவிட்டால் இத்தனை காலம் தாம்பாளத்தையா கொண்டாடினோம் என்று ஆகிவிடும். இரண்டில் எது மோசம் என்று அதற்கே தெரியவில்லை.

ஞாயிறு வந்தது. பிரம்பு நாற்காலி குற்றம் பார்க்கவென்றே முன்வரிசையில் நின்றது. கேப்டன் நடக்கும் நடை சரியில்லை என்று எண்ணிக்கொண்டது. சட்டையின் நீலம் கூடுதல் என்றும் எண்ணிக்கொண்டது. திரையில் மூன்று வளையங்களோடு ஒரு கிரகம் மெல்ல எழுந்தது. கேப்டன் இருட்டைப் பார்த்து, "அங்கே யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டான். பழைய கேப்டன் கேட்ட அதே கேள்வி. பிரம்பெல்லாம் விறைத்துக்கொண்டது. குற்றம் பார்க்க வந்ததையே மறந்துபோய், கொஞ்ச நேரம் அதுவும் இருட்டுக்குள் யாரையோ தேடியது.

அப்போது வான்தோணி எழும்பியது. கப்பலுக்கு மேலே நூல்.

யோசிப்பதற்குள் பிரம்பு நாற்காலியிடமிருந்து 'கிரீச்' கிளம்பிவிட்டது. ஆனால் வேறொரு நாற்காலியும் கிரீச்சிடவில்லை. எல்லாம் சிரித்தன, காலைத் தரையில் தட்டி ஆரவாரம் செய்தன. நூலைப் பார், நூலைப் பார் என்று முக்காலி துள்ளியது.

அகலத்திரை படத்தை நிறுத்தியது. "சத்தம் போட வேணாம் பெரியவரே. அது தெரியணும்னுதான் வச்சோம். உங்களுக்காகவே வச்சது."

பிரம்பு நாற்காலிக்கு உடம்பெல்லாம் கூசியது. வீட்டுக்குள் பொத்திவைத்திருந்ததைச் சந்தையில் கடை பரப்பியது போல் இருந்தது.

"அந்த நூல்ல என்ன தொங்குது?" என்று கேட்டது.

"ஒண்ணும் தொங்கல. கப்பல் தானாவே பறக்கும்."

"அப்ப அந்த முனையில எங்களைத்தான் கட்டியிருக்க. அதை எடுத்துரு. எடுத்துட்டா பேரைத் தர்றேன்."

அகலத்திரை ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. மடக்கு நாற்காலிக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பாராட்டு வாங்கிக் கொடுத்த நூலை எவன் எடுப்பான், பெயர் பிழைத்தது என்று வருகிற போகிற நாற்காலிகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு நூல் இல்லை.

கேட்டதும் எடுத்துவிட்டானே, இதில் என்ன சூது இருக்கிறதோ என்று பிரம்பு நாற்காலி கப்பலை மேலும் கீழும் ஆராய்ந்தது. தையல் தெரியவில்லை, ஒட்டுத் தெரியவில்லை. வான்தோணி தன்பாட்டுக்கு எழும்பியது, திரும்பியது, வளையங்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போனது. எல்லா நாற்காலிகளும் பிரம்பு நாற்காலியையே பார்த்தன. பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் அதற்குத் தோன்றியது. சொல்ல வரவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. பேரை வச்சுக்க" என்றது.

திரையில் பழைய பெயர் புது எழுத்தில் ஒளிர்ந்தது. முக்காலி ஆனந்தத்தில் ஒருமுறை குப்புற விழுந்து எழுந்தது. மடக்கு நாற்காலி கோபத்தில் தன்னை மடக்கிக்கொண்டு சுவரில் சாய்ந்தது. சாய்ந்ததென்னவோ திரை தெரிகிற பக்கமாகத்தான்.

பிரம்பு நாற்காலிக்கு மனசு வெறிச்சோடியிருந்தது. பெயரைக் கொடுத்ததில் வருத்தமில்லை. அந்தத் தாம்பாளங்கள் பறந்த நாளிலெல்லாம் பாதி தூரம் அவற்றைத் தூக்கிப் பிடித்தது இந்த மன்றம்தான். இந்தப் புதுக் கப்பல் யாரையும் தூக்கச் சொல்லவில்லை.

திரையில் கப்பல் நிலாவை நெருங்கியது. பழைய பெட்டியில் நூல் பளிச்சிடுகிற இடம் அது. பிரம்பு நாற்காலி தன்னை அறியாமல் 'கிரீச்' என்றது.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே முக்காலி சொன்னது:

"உஷ்... சத்தம் போடாம பாருங்கண்ணே."