தேவாங்கு நாச்சியும் மரநாயின் அக்கறையும்

கரட்டுக் காட்டில் நாச்சி என்றொரு தேவாங்கு இருந்தது. குச்சிக் கைகால், முகம் முழுக்கக் கண். அதற்கு ஒரே ஒரு குட்டி. முதல் குட்டியைக் கோட்டான் தூக்கிப் போய்விட்டது. அதனால் இதன்மேல் உயிரையே வைத்திருந்தது.

இருட்டியதும் தேவாங்குகள் குட்டியை ஒரு கிளையைப் பிடித்துக்கொள்ளச் செய்துவிட்டு இரை தேடப் போகும். விடியும் முன் வந்து தூக்கிக்கொள்ளும். நடுவில் நாச்சி எட்டிக்கூடப் பார்க்காது. இடம் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதே!

மூக்கன் என்ற மரநாய் மூன்று நாளாகத் தேடியும் குட்டி அகப்படவில்லை. நாலாம் நாள், வெட்டுக்கிளி தின்றுகொண்டிருந்த நாச்சியிடம் குழைந்துகொண்டு வந்தது.

"என்ன தங்கச்சி, நீ பாட்டுக்குத் தின்னுக்கிட்டிருக்கே! குட்டி பத்திரமா?"

"பத்திரமாத்தான் இருக்கும், அண்ணே."

"இருக்குமா? போய்ப் பாத்தியா? இப்பத்தான் ஒரு கோட்டான் பறந்து போச்சு! எனக்கென்ன, பெத்தவ நீ!"

அவ்வளவுதான்! பாதி வெட்டுக்கிளியைப் போட்டுவிட்டுக் குட்டியைப் பார்க்கக் கிளம்பியது நாச்சி. 'ஐயோ, கத்தியிருக்குமோ? கை நழுவியிருக்குமோ?'

குட்டி இருந்த மரத்துக்கு இன்னும் மூன்றே கிளை. அப்போது பின்னால் சில்வண்டுச் சத்தம் சட்டென்று நின்றது. நாச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாச்சி நடந்தால் சில்வண்டுகூட வாயை மூடாது. அவ்வளவு மெல்லிய நடை. அப்படியானால் பின்னால் வருவது யார்?

"அடப்பாவி மூக்கா! நானே உனக்கு வழி காட்டுறேனே!" என்று மனசுக்குள் அலறியது.

குட்டியிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. இருக்கிறதா, போய்விட்டதா? தெரியாது. பெற்ற வயிறு பற்றி எரிந்தது. ஆனாலும் அந்தப் பக்கம் பார்க்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பியது.

அங்கே ஒரு புங்க மரம். முசுறு எறும்புகள் இலைகளைச் சேர்த்துக் கட்டிய கூடு ஒன்று அதில் தொங்கியது. நாச்சி சற்றுத் தள்ளி நின்று, "கண்ணு, தூங்குறியா? அம்மா வந்துட்டேன்!" என்று கூட்டைப் பார்த்துக் கொஞ்சியது.

"ஆகா, இலைத் தொட்டிலா!" என்று மூக்கன் பாய்ந்து கவ்வியது. மறு நொடி மூக்கிலும் கண்ணிலும் எறும்பு மொய்த்தது! "ஐயோ! செத்தேன்!" என்று பொத்தென்று விழுந்து, முள்ளென்றும் பாராமல் ஓடியே போனது.

அப்போதும் நாச்சி அவசரப்படவில்லை. கீழ்வானம் வெளுக்கும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருந்தது. பிறகுதான் குட்டியை விட்டுவந்த கிளைக்குப் போனது.

வைத்த இடத்திலேயே இருந்தது குட்டி!

"ஏம்மா இவ்வளவு நேரம்? பசிக்குது!"

நாச்சி அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அழுதது.

அக்கறை காட்டுவதுபோல் நம் பயத்தைக் கிளறிவிடுபவர் பேச்சைக் கேட்டு ஓடினால், நாம் காக்க நினைப்பதை நாமே காட்டிக்கொடுத்துவிடுவோம்.