சிறை வாசலில் உப்பளத்து ஆட்கள்

ஒரு நாட்டில் உப்பு வரியை ஏற்றினார்கள். வரி கட்ட முடியாமல் உப்பளங்கள் மூடப்பட்டன. வேலையிழந்து நின்றவர்களைப் பார்த்த மந்திரி, “சோம்பேறிகள்! நாளைக்குள் வேலை தேடிக்கொள்ளாதவருக்குச் சிறை” என்று பறையறைந்து அறிவிக்கச் செய்தார்.

மறுநாள், உப்பு வாரும் சடைச்சி ஊரையே திரட்டிக்கொண்டு சிறை வாசலுக்கு வந்துவிட்டாள். சத்தம் கேட்டு ராஜாவும் மந்திரியும் வந்தார்கள்.

“உங்களை யார் பிடித்தது?” என்றார் மந்திரி.

“நாங்களாத்தான் வந்தோம் சாமி. உள்ளே கல் உடைக்கிற வேலையும் கஞ்சியும் உண்டாமே. வெளியே ரெண்டும் இல்லை. கதவைத் திறக்கச் சொல்லுங்க.”

ராஜா மந்திரியைப் பார்த்தார். “இத்தனை பேருக்குக் கஞ்சி ஊற்றப் பணம் ஏது?”

“உப்பு வரியிலிருந்து...” என்று இழுத்தார் மந்திரி.

“உப்பே எடுக்கலையே சாமி, வரி எங்கேயிருந்து வரும்?” என்றாள் சடைச்சி.

ராஜா அங்கேயே வரியை நீக்கினார். சடைச்சி கும்பிட்டுவிட்டு, வெயில் ஏறுமுன் உப்பளத்துக்கு நடந்தாள்.