நான்கு மூலையிலும் மஞ்சள்

அன்று காலை மடத்தில் அடுப்பு எரியவில்லை. மணியும் அடிக்கவில்லை. தியானம் முடித்துப் பசியோடு எழுந்த குரு சமையல்கட்டுக்குப் போனார்.

சமையல் செய்யும் செல்லக்கிளி காலி அண்டாவுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, கஞ்சி இல்லையா?"

"தண்ணி இல்ல சாமி. கிணத்துப் பக்கம் என்னால போக முடியாது. எனக்கு பாத்தோபோபியாவாம். ஆழத்தைக் கண்டா பயம். வாத்தியார்தான் கண்டுபிடிச்சுச் சொன்னாரு. பாவி, இது தெரியாமலே பதினோரு வருசமா தண்ணி எறைச்சிருக்கேன்!"

"மணி ஏன் அடிக்கல?"

"முத்தையாவுக்கு அக்ரோபோபியா. ஏணியில ஏற மாட்டாராம்."

குரு தலையில் அடித்துக்கொண்டார்.

வாத்தியார் என்பவர் தணிகாசலம். வங்கித் தேர்வுப் பயிற்சி மையத்தில் முப்பது வருடம் ஆங்கிலச் சொற்கள் நடத்திவிட்டு, ஞானம் தேடி மடத்துக்கு வந்தவர். குருவைவிடப் பத்து வயது மூத்த சீடர். ஞானம் தேடி வருகிறவர் சொற்களை எழுதி வைத்த நோட்டையாவது வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். யார் சொல்வது?

குரு குடத்தையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு தானே கிணற்றடிக்குப் போனார். தணிகாசலம் அங்கே நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"வாத்தியாரே, என் மடத்தை என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?"

"வால் ஒண்ணுதான் சாமி. போபியா. கிரேக்கத்துல இருந்து வந்தது, பயம்னு அர்த்தம். முன்னால எந்தத் தலையை ஒட்டுறோமோ அந்தப் பயம். அக்ரோன்னா உயரம், ஹைட்ரோன்னா தண்ணி. இதுவரைக்கும் முந்நூத்திப் பன்னெண்டு சேர்த்திருக்கேன். பேர் தெரிஞ்சா பயம் பாதி போயிடும்."

"செல்லக்கிளிக்குப் போகலையே. இல்லாத பயமும் சேர்ந்துல்ல வந்திருக்கு!"

குடம் கிணற்றுக்குள் இறங்கியது. எண்ணெய் போடாத கப்பி கிறீச்சிட்டது.

"சரி, உங்க பயத்துக்கு என்ன பேரு?"

தணிகாசலத்தின் முகம் சுருங்கியது. "அது மட்டும் கிடைக்கல சாமி. உங்ககிட்ட கேக்கணும்னுதான் இருந்தேன்."

நோட்டின் நடுவிலிருந்து ஓர் உறையை எடுத்தார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. மேலே 'காதணி விழா அழைப்பிதழ்' என்று அச்சடித்திருந்தது. இன்னும் பிரிக்கவில்லை.

"மக அனுப்பினது. வந்து இருபது நாளாச்சு."

"நல்ல காரியம்தானே? பிரிக்கிறதுக்கு என்ன?"

"ஆறு வருசம் முன்னால, பரீட்சை பிடிக்கலன்னு பாதியில எழுந்து வந்துட்டா. ஊரான் பிள்ளைங்களை எல்லாம் பாஸ் பண்ண வச்சவன் நான். அவமானமாப் போச்சு. இனி எனக்கு மகளே இல்லைன்னு சொல்லிட்டேன். இப்ப பத்திரிகையில தாத்தான்னு என் பேரைப் போட்டிருக்காளோ, விட்டுட்டாளோ... பிரிச்சுப் பார்த்து, இல்லைன்னா தாங்க மாட்டேன் சாமி."

"அவ்வளவுதானே. இதுக்குப் பேரு பயம்."

"தமிழ்ல அப்படிச் சொல்லிடலாம். கிரேக்கத்துல ஒனோமட்டோபோபியான்னு ஒண்ணு இருக்கு. ஆனா அது ஏதோ ஒரு பேரைக் கேக்கப் பயப்படுறது. பேர் இல்லாம போயிடுமோன்னு பயப்படுறது அதுல அடங்காது. நீங்கதான் பொருத்தமா ஒரு தலையைச் சொல்லி..."

குருவின் பொறுமை போய்விட்டது. மேலே வந்த குடத்தைக் கிணற்றுச் சுவரில் ணங்கென்று வைத்தார். பாதித் தண்ணீர் தணிகாசலத்தின் மடியில் கொட்டியது. நோட்டு தெப்பமாக நனைந்தது. உறையை மட்டும் அவர் சட்டென்று தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார்.

குரு அதைப் பார்த்தார்.

"விழா என்னைக்கு?"

"உள்ளே போட்டிருக்கும்."

"முடிஞ்சு போயிருந்தா?"

தணிகாசலம் விழித்தார். இருபது நாளில் ஒரு தடவைகூட அவருக்கு இது தோன்றவில்லை.

"சரி, நீங்க கேட்ட பேரைச் சொல்றேன். எழுதிக்கங்க."

தணிகாசலம் பேனாவை எடுத்தார். நனைந்த நோட்டில் காய்ந்த இடம் தேடினார்.

"முதல்ல ஒண்ணு சொல்லுங்க. காது குத்துற குழந்தைக்கு என்ன பேரு?"

பேனா நின்றது.

"பொம்பளைப் பிள்ளைன்னு யாரோ சொன்னாங்க," என்றார் மெதுவாக. "அதுக்கு மேல நான் கேட்டுக்கல."

"முந்நூத்திப் பன்னெண்டு பேர் தெரிஞ்ச மனுசன்!" குரு மிச்சத் தண்ணீரோடு குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். இரண்டடி நடந்தவர் திரும்பினார்.

"உங்க பேரு அதுக்குள்ள இருக்கோ இல்லையோ, பேத்தி பேரு இருக்கும். பிரிங்க."