சேத்துக்குளத்திலே சொல்லக்கூடாத வார்த்தை

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி, கடலிலே உப்பு இன்னும் சரியா ஊறாத காலத்திலே, உப்போடைச் சீமைன்னு ஒரு சீமை இருந்துச்சு. அதுக்கு ஒரு ராஜாவும் இருந்தாரு. இந்தக் கதையிலே அவருக்கு வேலை ஒண்ணும் இல்லை, அவர் பாட்டுக்கு அரண்மனையிலே இருக்கட்டும். நமக்கு வேண்டியது வேலம்மை.

வேலம்மை, கிணறு வெட்டுற கொம்பையாவோட பெண்சாதி. சரியான வாயாடி. அவ சந்தைக்குள்ளே நுழையறதைப் பார்த்ததுமே கத்தரிக்காய்க்காரன் விலையைக் குறைச்சுடுவான், இவகிட்டே பேசி மாளாதுன்னு. கொம்பையா அதுக்கு நேர் எதிர். மரியாதைக்காரன். எறும்பு குறுக்கே வந்தாலும் நின்னு வழி விட்டுட்டுப் போற ஆளு. அவங்களுக்கு பேச்சின்னு ஏழு வயசிலே ஒரு மக.

ஒரு நாள் கிணத்துக்குள்ளே பாறையைப் புரட்டும்போது கொம்பையாவுக்கு இடுப்பு பிடிச்சுக்கிட்டது. குனிஞ்சவன் குனிஞ்சவன்தான், நிமிர முடியலை. ஒத்தடம் கொடுத்தாச்சு, எண்ணெய் தேய்ச்சாச்சு, மந்திரிச்சும் பார்த்தாச்சு. ஒண்ணுக்கும் கேக்கலை. வீட்டிலே அடுப்பு ஒரு வேளைதான் எரிஞ்சுது. கொம்பையா தரையைப் பார்த்துக்கிட்டேதான் நடந்தான்.

அப்போதான் வளையல் விக்க வந்தவர் சொன்னாரு. "கிழக்கே கடலோரத்திலே ஒரு சேத்துக்குளம் இருக்கு தாயி. வெதுவெதுன்னு கறுப்புச் சேறு. அதிலே கழுத்து வரைக்கும் கிடந்து, மேலே காய விட்டு, பக்கத்திலே ஆமைக்கரைக்குப் போயி கடல் தண்ணியிலே கழுவினா எப்பேர்ப்பட்ட பிடிப்பும் விட்டுடும். விடியக் கிளம்பினா அன்னைக்கே திரும்பிடலாம். ஆனா ஒண்ணு. அங்கே எதையும் எடுக்காதீங்க, எதையும் எறியாதீங்க, கிளம்பும்போது பேசாதீங்க."

"எடுக்கக் கூடாது, சரி. எறியக் கூடாது, அதுவும் சரி. பேசினா என்னவாம்?"

"பேசினவங்க யாரும் திரும்பி வந்து சொல்லலையே தாயி."

மறுநாள் விடியக்காலையிலே எலுமிச்சம்பழச் சோறும் துவையலும் கட்டிக்கிட்டு, பக்கத்து வீட்டு ஒத்தை மாட்டு வண்டியிலே மூணு பேரும் கிளம்பினாங்க. வழியெல்லாம் பேச்சிக்கு ஒரே பாட்டுத்தான். "எடுக்காதே, எறியாதே, பேசாதே. எடுக்காதே, எறியாதே, பேசாதே." மாடு கூட அந்தத் தாளத்துக்குத் தலையாட்டிக்கிட்டு நடந்துச்சு.

குளம் கண்ணிலே பட்டுச்சு. கறுப்புன்னா அப்படி ஒரு கறுப்பு. மேலே ஆவி பறக்குது. நடுவிலே சேறு மெதுவா மேலே எழும்பி மெதுவா கீழே அடங்குது. குளம் மூச்சு விட்டுக்கிட்டு இருந்துச்சு.

கரையைச் சுத்தி மண் சிலைங்க. ஆம்பிளை, பொம்பிளை, கையிலே தூக்குச்சட்டியோட ஒரு பெரிய மனுஷன். எல்லாச் சிலையும் ஒரு காலைத் தூக்கி, அடுத்த அடி வைக்கப் போற மாதிரியே இருந்துச்சு. எல்லாச் சிலையும் குளத்தைத் திரும்பிப் பார்த்து லேசா சிரிச்சுச்சு.

"யாரோ நல்ல கைக்காரன் செஞ்சிருக்கான்" அப்படின்னான் கொம்பையா. அவனுக்கு அவ்வளவுதான் தோணுச்சு.

மூணு பேரும் சேத்திலே இறங்கினாங்க. பேச்சி மீசை வச்சுக்கிட்டா, அப்பனுக்கும் பெரிய மீசையா வச்சுவிட்டா. வேலம்மை "கண்ணுலே போயிடப் போவுது" அப்படின்னு அதட்டிக்கிட்டே தானும் ஒண்ணு வச்சுக்கிட்டா. சேறு அவங்களைத் தொட்டில் மாதிரி ஆட்டுச்சு. கொஞ்ச நேரத்திலே கொம்பையாவோட இடுப்பிலே மடக்குன்னு ஒரு சத்தம். மெள்ள எழுந்து நிமிர்ந்தான். எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் வானத்தைப் பார்த்தான். அவன் கண்ணிலே தண்ணி வந்துடுச்சு, அதைப் பார்த்து வேலம்மை கண்ணிலேயும் வந்துடுச்சு.

கரையேறி, சோத்தைத் தின்னுட்டு, மேலே சேறு காயற வரைக்கும் வெயிலிலே நின்னாங்க. இனி ஆமைக்கரைக்குப் போயி கழுவ வேண்டியதுதான் பாக்கி. எதையும் எடுக்கலை. எதையும் எறியலை. வாயை மூடிக்கிட்டு நடந்திருந்தா கதையே இல்லை.

ஆனா நம்ம கொம்பையா மரியாதைக்காரன் ஆச்சே. இடுப்பைக் கொடுத்த குளத்தை விட்டு ஒரு வார்த்தை சொல்லாம எப்படிக் கிளம்புவான்? அதுவும் நம்ம ஆளுங்களுக்கு "போறேன்"னு சொல்ல நாக்கு வருமா? ஒரு வீட்டுப் பக்கம் இனிமே தலை வச்சும் படுக்க மாட்டோம்னு மனசுக்குள்ளே நினைச்சுக்கிட்டே, வாசல்லே நின்னு சிரிச்சுக்கிட்டு எதைச் சொல்லுவோம்? அதையேதான் அவனும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னான்.

"போயிட்டு வரேன் தாயே."

குளம் மூச்சை நிறுத்துச்சு. காத்து நின்னுது. நடுச்சேறு பொங்கி எழுந்து, கறுப்பா, பளபளன்னு ஒரு சின்னப் பெண்ணா வந்து நின்னுது. அதோட கை நீளமா நீண்டு வந்து கொம்பையாவோட கணுக்காலைப் பிடிச்சுக்கிட்டது. பிடிச்ச இடம் மண்ணாச்சு.

"வரேன்னு சொன்னே. வா" அப்படின்னா சேத்துமக.

வேலம்மைக்கு அப்பதான் அந்தச் சிலைங்க என்னன்னு புரிஞ்சுது. பயந்தாலும் வாய் அடங்கலை.

"தாயி, அவர் சும்மா பேச்சுக்குச் சொன்னாரு."

"சொன்னது சொன்னதுதான். வரேன்னு சொன்னா வரணும்." மண் முழங்காலுக்கு ஏறுச்சு.

"என் தோடு, தண்டட்டி எல்லாத்தையும் கழட்டித் தரேன். அவரை விட்டுடு."

"எனக்கு எதுக்கு? வரேன்னு சொன்னா வரணும்." மண் தொடைக்கு ஏறுச்சு. பேச்சி ஓடிப்போயி அப்பன் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா.

வேலம்மை முந்தானையை இழுத்துச் செருகினா. "சரி, நீ சொல்றபடியே வச்சுக்குவோம். அவர் வரேன்னு மட்டுமா சொன்னாரு? போயிட்டு வரேன்னு சொன்னாரு. முதல்லே போகணும், அப்புறம்தானே வரணும்? நீ போகவே விடலையே. போகாத ஆளு எப்படி வருவாரு?"

அத்தனை காலத்திலே சேத்துமககிட்டே யாரும் இப்படிக் கேட்டதில்லை. மண் ஏறுறது இடுப்போட நின்னுது.

"போக விட்டா வர மாட்டாங்க. எனக்குத் தெரியும்" அப்படின்னா, குரல் இறங்கிப் போயி.

"யாரு வரலை?"

"எங்கம்மா. நானும் அம்மாவும் உங்களை மாதிரியே இங்கே வந்தோம். நான் சேத்தை விட்டு ஏற மாட்டேன்னு அடம் பிடிச்சேன். நீ விளையாடு, நான் முதல்லே கடல்லே கழுவிட்டு வந்துடறேன், அப்புறம் உன்னைக் கூட்டிட்டுப் போறேன் அப்படின்னா. போயிட்டு வரேன்னு சொன்னா. நான் ஏறாம காத்துக்கிட்டே இருந்தேன். காத்துக் காத்து நானே சேறாயிட்டேன். அதுக்கப்புறம் அந்த வார்த்தையைச் சொன்னவங்க யாரையும் நான் போக விட்டதில்லை."

கோபம் போன இடம் தெரியலை வேலம்மைக்கு. அப்பன் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்ன தன் மகளைப் பார்த்தா, சேத்துக்குள்ளே நின்ன இந்த மகளையும் பார்த்தா.

"நான் கடற்கரைக்குப் போறேன். உங்கம்மாவைப் பத்தி ஏதாவது சேதியோட திரும்பி வரேன். இது பேச்சுக்குச் சொல்றதில்லை. என் உசுரு ரெண்டையும் இங்கே விட்டுட்டுப் போறேன்."

"பொழுது அடையறதுக்குள்ளே வா. அதுவரைக்கும் மண் மெதுவாத்தான் ஏறும். பொழுது அடைஞ்சா தலையை மூடிடும்."

வேலம்மை ஓடினா. மணல் மேடு ஒண்ணு, செங்குத்தா, கால் வச்சா சரியற மேடு. அதுலே ஏறி, உருண்டு, அந்தப் பக்கம் விழுந்தா. எதிரே கடல்.

கடலைக் கேட்டா. "மகளை விட்டுட்டு ஒரு தாய் இங்கே வந்தாளா?" கடல் ஓன்னு மட்டும் சொல்லுச்சு. நண்டைக் கேட்டா. "என் வீட்டையே அலை அடிச்சுட்டுப் போச்சு, நான் அதைத் தேடுறேன்" அப்படின்னுட்டு நண்டு மணல்லே ஓடிப் போயிடுச்சு. இனி யாரைக் கேக்கன்னு அவ கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கும்போது, கடல் புரண்டுச்சு.

அலை உடையற இடமெல்லாம் ஆமை. ஒண்ணு, பத்து, நூறு, அப்புறம் எண்ணிக்கையே இல்லை. ஈர ஓட்டிலே வெயில் பட்டு கரை முழுக்க மின்னுச்சு. ஒண்ணும் ஒண்ணோட ஒண்ணு மோதலை, சண்டை போடலை. பிள்ளைத்தாச்சிங்க நடக்கிற மாதிரி மூச்சு வாங்கி, மூச்சு வாங்கி மேலே ஏறி வந்துச்சுங்க. குழி தோண்டி, முட்டையிட்டு, மணலை மூடி, தட்டி விட்டுச்சுங்க. எந்தச் சத்தமும் இல்லை, மணல் விழற சத்தம் மட்டும்தான். வேலம்மை தன்னை அறியாம ரெண்டு கையும் கூப்பினா.

அந்தக் கூட்டத்திலே ஒரு ஆமை மட்டும் குழி தோண்டலை. நிக்காம மணல் மேட்டைப் பார்த்தே நகர்ந்துச்சு. அதோட ஓட்டு மேலே கறுப்பா காய்ஞ்ச சேறு. எத்தனை அலை அடிச்சும் அது கரையலை.

வேலம்மை அது முன்னாடி போயி உக்கார்ந்தா. "தாயே, எங்கே போறே?"

"என் மக குளத்திலே இருக்கா. கழுவ வந்தேன், அலை இழுத்துட்டுப் போயிடுச்சு, கடலடி மாயம் என்னை ஆமையாக்கிடுச்சு. வருஷத்துக்கு ஒரு நாள்தான் கரையேற விடுது. வருஷா வருஷம் வரேன். இந்தக் காலை வச்சுக்கிட்டு மேட்டுலே பாதி ஏறுறதுக்குள்ளே பொழுது சாஞ்சிடுது. கடல் இழுத்துக்குது."

"வருஷா வருஷமா?" அப்படின்னா வேலம்மை. "அது தெரியாம அவ அங்கே உக்கார்ந்திருக்காளே."

முந்தானையை விரிச்சு, ஆமையை அதிலே கட்டி, முதுகிலே தூக்கினா. ஆட்டுரல் கனம். ஒரு அடி வச்சா, மணல் சரிஞ்சுது. இன்னொரு அடி வச்சா, அதுவும் சரிஞ்சுது. மூணாவது அடியிலே முழங்கால் குத்தி விழுந்தா. பின்னாடி கடல் விட்டேனா பார்னு சீறிக்கிட்டு வந்து அவ காலைச் சுத்துச்சு. மேற்கே சூரியன் பனைமரத் தலைக்கு இறங்கியாச்சு.

அப்போ முட்டையை மூடின ஆமைங்க எல்லாம் திரும்புச்சு. கடலைப் பார்த்து இல்லை, மேட்டைப் பார்த்து. ஒண்ணு மேலே ஒண்ணா மணலிலே வந்து படுத்துச்சுங்க. அடியிலே இருந்து உச்சி வரைக்கும் ஓட்டாலே ஒரு படிக்கட்டு. "ஏறு தாயி" அப்படின்னுச்சு முதல் ஆமை. "ஏறு தாயி" அப்படின்னுச்சு அடுத்தது. "ஏறு தாயி, ஏறு தாயி"ன்னு உச்சி வரைக்கும் அந்தக் குரல் போச்சு. வேலம்மை அழுதுக்கிட்டே ஏறினா. ஒரு படி கூட அசையலை.

குளத்தங்கரையிலே மண் கொம்பையாவோட தாடையைத் தொட்டுடுச்சு. பேச்சி அவன் காதிலே வாய் ஓயாம ஏதோ சொல்லிக்கிட்டே இருந்தா, அப்பன் கண்ணு மூடிடக் கூடாதுன்னு. சேத்துமக மேட்டையே பார்த்துக்கிட்டு நின்னா. சூரியன் விளிம்பு தரையைத் தொடும்போது வேலம்மை வந்து விழுந்தா. முந்தானை அவிழ்ந்து ஆமை கரையிலே உருண்டுச்சு.

"இது ஆமை. எங்கம்மா இல்லை" அப்படின்னா சேத்துமக.

ஆமை தலையை நீட்டி அவளை ஏற இறங்கப் பார்த்துச்சு. அப்புறம் ஒரு அதட்டு அதட்டுச்சு.

"இன்னும் சேத்துலேயா கிடக்கே? தலையெல்லாம் காய்ஞ்சு போயி, இதை எப்படிக் கழுவறது? ஏறு மேலே."

அந்த அதட்டலை வேற யாராலே போட முடியும்? சேத்துமக கண்ணிலே இருந்து தண்ணி இறங்குச்சு. இறங்கின வழியெல்லாம் சேறு கரைஞ்சு மாநிறமா ஒரு முகம் தெரிஞ்சுது.

"ஏம்மா இவ்வளவு நேரம்?"

"கால் நடக்கலை கண்ணு."

மக சேத்தை விட்டு ஏறினா. கை ஆமை ஓட்டைத் தொட்டதும் ஓடு ரெண்டா பிளந்துச்சு, உள்ளே இருந்து ஒரு பொம்பிளை எழுந்து மகளை இறுக்கிக் கட்டிக்கிட்டா. குளம் பெருமூச்சு விட்டுச்சு. கொம்பையா மேலே இருந்த மண் பொலபொலன்னு உதிர்ந்துச்சு. சுத்தி நின்ன சிலை எல்லாம் தூக்கின காலைக் கீழே வச்சுது. தூக்குச்சட்டிக்காரர் சட்டியைத் திறந்து பார்த்துட்டு, "சோறு கெட்டுப் போயிருக்கே, எப்படி?" அப்படின்னாரு.

சேத்துமகளா இருந்தவ கொம்பையாகிட்டே போயி தலை குனிஞ்சு நின்னா. அவன் அவ தலையிலே கை வச்சான். அவ அவன் பாதத்தைத் தொட்டா. அன்னையிலே இருந்து கொம்பையா எந்த மண்ணிலே கால் வச்சு வெட்டினாலும் இனிச்ச தண்ணிதான் ஊறுச்சு. உப்போடைச் சீமையிலே அதுக்கப்புறம் ஒரு வீட்டிலேயும் அடுப்பு அணைஞ்சு கிடக்கலை.

அந்தத் தாய்க்கும் மகளுக்கும் போக வேற இடம் இல்லை, அதனாலே வண்டியிலே அஞ்சு பேரா திரும்பினாங்க. கொம்பையா முதுகை நிமிர்த்தி உக்கார்ந்து மாட்டை ஓட்டினான். பேச்சி கேள்வி மேலே கேள்வியா கேட்டா. வேலம்மை எதிரே இருந்த சின்னவளையே பார்த்துக்கிட்டு வந்தா. காத்திருந்த காலமெல்லாம் கண் மூடாத அந்தப் பெண்ணு அம்மா மடியிலே தலையை வச்சா. வழியெல்லாம் மேடும் பள்ளமும், வண்டி தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. அவ முழிக்கவே இல்லை.