இல்லன்னு சொல்லப் போன வீடு

ஞானம் வேணும்னா மலை ஏறணும்னு சொல்வாங்க. எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை மாடிப்படி ஏறினதுலயே கெடச்சுது. மொத்தம் பதினெட்டு படி. ஒம்போதாவது படி உடைஞ்சிருக்கும். ஞானத்துக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு அங்கயே விழுந்துடுவாங்க.

அரக்கோணத்துல அந்த மாடிலதான் 'ஏணி'ன்னு ஒரு டிரஸ்ட் இருந்துச்சு. வழியில்லாத பசங்களுக்கு பீஸ், நோட்டு, ஸ்கூல் தூரமா இருந்தா ஒரு சைக்கிள். அவ்ளோதான் வேலை. நடத்துனது எஸ்தர் அக்கா. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். எதக் கேட்டாலும் நேரா பதில் சொல்ல மாட்டாங்க. அதனால நான் அவங்கள 'குருவே'ன்னுதான் கூப்பிடுவேன்.

"குருவேன்னு கூப்பிட்டா சம்பளத்த ஏத்திருவேன்னு நெனப்பா?"

"இருந்தாதானே குருவே ஏத்தறதுக்கு."

அப்ப எனக்கு இருபத்திரெண்டு. பாலிடெக்னிக்க ரெண்டாவது வருஷத்துல விட்டிருந்தேன். அதுதான் என்னை விட்டுச்சுன்னு எங்கம்மா சொல்லும். போன் கடை, கேட்டரிங், கொரியர்னு எங்கயும் மூணு மாசம் தாண்டல. கடைசில ஒருநாள் அந்தப் படியேறி, "அக்கா, ஏதாவது வேலை இருக்கா?"ன்னு கேட்டேன். அக்கா ஒரு நாற்காலியக் காட்டினாங்க. அதுல மூணு கால்தான் இருந்துச்சு. "மொதல்ல அத சரி பண்ணு"ன்னாங்க.

அவங்கள எனக்கு எட்டாவது முடிச்ச வருஷமே தெரியும். ஏணிக்கு ஒரு விண்ணப்பம் எழுதிப் போட்டிருந்தேன். ஒரு மத்தியானம் எங்க வீட்டு வாசல்ல பச்சைக் கலர் டிவிஎஸ் வண்டி வந்து நின்னுச்சு. இறங்கி வந்து தண்ணி கேட்டாங்க. "அக்கா, எங்க பைப்புத் தண்ணி உப்பு. ரசம்னு நெனச்சுக் குடிச்சிருங்க"ன்னேன். சிரிச்சாங்க. ஒரு வாய் குடிச்சாங்க. கொஞ்ச நேரம் உக்காந்திருந்தாங்க, கிளம்பிட்டாங்க. பத்து நாள் கழிச்சு மஞ்சக் கார்டு வந்துச்சு. 'அன்புள்ள தணிகைவேலுக்கு, ஏணி உன்னைச் சேர்த்துக்கிட்டது. நல்லா படி. எஸ்தர்.'

அதத் தூக்கிக்கிட்டு தெரு முழுக்க ஓடினேன். எனக்குன்னு தபால்ல வந்த மொதல் சாமான் அது. இப்பவும் எங்கிட்ட இருக்கு. மூலையெல்லாம் மழுங்கிப் போச்சு. அந்த 'நல்லா படி' மட்டும் அழியல. என்னைக் கிண்டல் பண்றதுக்குன்னே இருக்கு போல.

சரி, கதைக்கு வர்றேன்.

ஏப்ரல் மாசம் ஆனா அந்த மாடி பூரா லெட்டரா இருக்கும். பேன் போட்டா பறக்கும், பேன் போடலன்னா நாம பறந்துருவோம். நாலு பேரு உக்காந்து ரெண்டு மாசம் படிப்பாங்க. முடிக்கறதுக்குள்ள ஸ்கூல் தொறந்துரும். கார்டு ஜூலைலதான் போகும். அதுக்குள்ள சில பசங்க வேலைக்குப் போயிருப்பாங்க.

"குருவே, ஏ.ஐ. மெஷின் கிட்ட குடுத்தா ரெண்டு நாள்ல படிச்சிரும்"னேன்.

"எல்லா லெட்டரையுமா?"

"எல்லாத்தையும். போட்டோ எடுத்து ஏத்திட்டா போதும். போன்லயே ஓசில இருக்கு."

அக்கா ஒரு லெட்டர எடுத்து எங்கிட்ட குடுத்தாங்க. "கீழ டீக்கடைல போய் இத சத்தமா படிச்சுட்டு வா."

போனேன். டீக்கடைல எட்டுப் பேரு. தொண்டையக் கனைச்சேன். 'எங்கப்பா குடிச்சிட்டு வந்து எங்கம்மாவ'ன்னு மொதல் வரி. அதுக்கு மேல வாய் வரல. டீ ஆத்தறவரு, "என்ன தம்பி, லவ் லெட்டரா?"ன்னாரு. மடிச்சு சட்டைப்பைல வெச்சுக்கிட்டு மேல வந்துட்டேன்.

"படிச்சியா?"

"இல்ல."

"ஏன், எட்டுப் பேருதானே இருந்தாங்க?"

அதுக்கப்புறம் ஓசி மெஷின் பேச்சையே எடுக்கல. அக்காவுக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர், லெட்டர் வெளிய போகாம நம்ம கம்ப்யூட்டருக்குள்ளயே ஓடற மாதிரி ஒண்ணு போட்டுக் குடுத்தாரு. அதுலயும் பேரு, ஊரு, அப்பா பேரு எல்லாம் காகிதத்த வெச்சு மறைச்சுதான் போட்டோ எடுத்தேன். யாருக்கு என்ன தேவை, எவ்ளோ அவசரம்னு பார்க்கச் சொல்லி நானே ரூல் எழுதினேன். போன வருஷம் ஒரு ஏஜென்ட், ஊர்லயே இல்லாத பசங்க பேருலல்லாம் விண்ணப்பம் போட்டு ஏமாத்தியிருந்தான். அதனால ஒரே ஆள் எழுதின லெட்டர் நெறைய வந்தா தள்ளிருன்னும் ஒரு ரூல்.

ரெண்டு நாள்ல முடிஞ்சுது. எரநூத்து முப்பது லெட்டர். நூத்தி நாப்பத்தேழு ஆமா. எண்பத்து மூணு இல்ல. நான் நாற்காலி மேல ஏறி நின்னு கையத் தூக்கினேன். நான் சரி பண்ண நாற்காலிதான். உடைஞ்சிருச்சு.

ஆமா லெட்டர அக்கா ஒண்ணொண்ணா எடுத்து, மெஷின் எழுதினத பக்கத்துல வெச்சுப் பார்த்துக்கிட்டே கார்டு எழுதினாங்க. மே மாசம் பாதிலயே கார்டு போஸ்ட் ஆயிருச்சு. ஏணி ஆரம்பிச்சதுல இருந்து அப்படி நடந்ததே இல்ல.

"அந்த எண்பத்து மூணு?"ன்னாங்க.

"மெசேஜ் தட்டிரலாம் குருவே. மெஷினே உருக்கமா எழுதும். 'மிகவும் வருந்துகிறோம்'னு."

"யாரு வருந்தறது?"

"மெஷின்தான்... இல்ல, நாமதான்."

"நீ வருந்தறியா?"

"எனக்கு அவங்க யாருன்னே தெரியாதே."

அக்கா வண்டிச் சாவிய மேசைல வெச்சாங்க. "ஏணில ஒரு வழக்கம் இருக்கு தணிகா. ஆமான்னா கார்டு போதும். இல்லன்னா நேர்லதான் போய்ச் சொல்லணும்."

"தலைகீழா இருக்கே. நல்ல சேதிக்குத்தானே நேர்ல போகணும்? காபியாவது கெடைக்கும்."

"அதுக்குத்தான் போறதில்ல. நமக்கு காபி போடறதுக்காக அவங்க பக்கத்து வீட்டுல சர்க்கரை கேட்டு நிக்கணுமா?"

"எண்பத்து மூணு வீடு குருவே!"

"மெஷினால ஒன்றரை மாசம் மிச்சமாச்சுன்னு நீதானே சொன்ன?"

இவங்க கிட்ட வேலை கேட்டது எவ்ளோ பெரிய தப்புன்னு அப்பதான் புரிஞ்சுது.

பட்டியல்ல மேல இருந்தது ஏழு பேரு. செவப்புக் கலர்ல மெஷின் எழுதியிருந்துச்சு: 'ஏழும் ஒரே ஆள் எழுதியது. ஏஜென்டாக இருக்கலாம்.' லெட்டர எடுத்து மறைச்ச ஊரப் பார்த்தா, ஏழும் சோளிங்கர் ரோட்டுல ஒரு செங்கல் சூளைல இருந்து வந்தது. சுலபம்னு நெனச்சேன். திருட்டு லெட்டருக்கு இல்லன்னு சொல்ல என்ன கஷ்டம்?

சூளைக்குப் போனப்ப வெயில் மண்டையப் பொளந்துச்சு. வரிசையா ஓலைக் குடிசை. எது வாசல், எது பின்பக்கம்னே தெரியல. இடுப்புல ஒரு கொழந்தையோட ஒரு பொண்ணு வந்துச்சு. பதினாலு வயசு இருக்கும். கைல முழங்கை வரைக்கும் காஞ்ச மண்ணு.

"யாருண்ணா?"

"ஏணி ஆபீஸ்ல இருந்து வர்றேன். கன்னியம்மான்னு..."

"நான்தாண்ணா!" அவ்ளோதான், திரும்பிக் கத்துச்சு. "டேய்! ஏணி வந்துருச்சுடா!"

எங்கெங்கயோ இருந்து ஆறு பசங்க ஓடி வந்து வரிசையா நின்னாங்க. ஒருத்தன் அவசரமா சட்டையத் திருப்பிப் போட்டுக்கிட்டு வந்தான்.

நான் போலீஸ் மாதிரி மொகத்த வெச்சுக்கிட்டேன். "இந்த ஏழு லெட்டரையும் எழுதினது யாரு?"

"நான்தாண்ணா."

"ஏழுமா?"

"இவங்க எழுதினா உங்களால படிக்க முடியாதுண்ணா. அவங்கவங்க சொன்னாங்க, நான் எழுதினேன்."

சட்டையத் திருப்பிப் போட்டவன் சொன்னான்: "நான் நெறைய சொன்னேன். அக்கா கொஞ்சந்தான் எழுதுச்சு."

"அப்ப ஏன் எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கு?"

கன்னியம்மா குடிசை வரிசையத் திரும்பிப் பார்த்துச்சு. அப்புறம் என்னைப் பார்த்துச்சு.

"எல்லார் வீடும் ஒரே மாதிரிதானேண்ணா இருக்கு? எல்லாரோட அப்பாவும் கல்லு அறுக்கறாங்க. எல்லாரோட அம்மாவும் மண்ணு மிதிக்கறாங்க. ஸ்கூல் எல்லாருக்கும் எட்டு கிலோமீட்டரு. வேற என்னண்ணா எழுதறது?"

கையோட கொண்டு போன லெட்டர்களப் புரட்டினேன். ஆறு லெட்டரும் முழுப் பக்கம். கன்னியம்மாவோடது மட்டும் அரைத் துண்டுப் பேப்பர். நாலே வரி.

"உன்னோடது ஏன் இத்தினியூண்டு?"

"மேஸ்திரி நோட்டுல இருந்து குடுத்த பேப்பர் அவ்ளோதாண்ணா. தீந்துருச்சு."

"உன்னோடத மொதல்ல எழுதியிருக்கலாம்ல?"

"அப்ப கடைசி ஆளுக்குப் பத்தாதேண்ணா."

அத ஒரு பெரிய விஷயமா அது சொல்லல. கொழந்தைய அடுத்த இடுப்புக்கு மாத்திக்கிட்டு, "எங்களுக்கு உண்டாண்ணா, இல்லையாண்ணா? இல்லன்னா இவனுங்க திங்கக்கெழமைல இருந்து கல்லு அறுக்க வந்துருவாங்க. நானும்தான்"னு கேட்டுச்சு.

ஏழு பேரும் என் வாயையே பார்த்தாங்க. நான் வாயத் தொறந்தேன்.

"இருங்கண்ணா, வெயில்ல வந்திருக்கீங்க"ன்னு உள்ள ஓடி ஒரு சொம்பு தண்ணி கொண்டு வந்துச்சு. சொம்பு விளிம்புல மண்ணு படக்கூடாதுன்னு பாவாடைல தொடச்சுக் குடுத்துச்சு.

குடிச்சேன். "கார்டு வரும்"னு சொல்லிட்டு வண்டிய ஒதைச்சேன்.

சாயங்காலம் மாடியேறினப்ப ஒம்போதாவது படியக்கூட கவனிக்கல. எப்படியோ விழாம வந்துட்டேன். அக்கா ஜன்னலோரமா உக்காந்திருந்தாங்க. சென்னை போற ரயில் கூவிக்கிட்டுப் போச்சு.

"சொல்லிட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"தண்ணி குடுத்துட்டாங்க."

எல்லாத்தையும் சொன்னேன். அந்த அரைத் துண்டுப் பேப்பர மேசைல வெச்சேன். "இந்த மெஷின் வேணாம் குருவே. இன்னிக்கே எடுத்துருவோம். அநியாயமா ஏழு பேர..."

"ஏழும் ஒரே கைன்னு சொல்லுச்சு. பொய்யா?"

"இல்ல, நெசந்தான்."

"தள்ளிருன்னு ரூல் போட்டது யாரு?"

"...நான்."

"அப்புறம் அத எதுக்குத் திட்டற?"

"யாரோட கைன்னு அது பார்க்கலியே!"

"அதப் பார்க்கத்தான் உனக்கு பெட்ரோல் போட்டுக் குடுத்தேன்."

அக்கா ட்ராயரத் தொறந்து ஏழு மஞ்சக் கார்டு எடுத்தாங்க. முதல் கார்டுல 'அன்புள்ள கன்னியம்மாவுக்கு'ன்னு எழுதினாங்க. அந்த எழுத்து எனக்கு மனப்பாடம். எட்டு வருஷமா தெனம் பார்க்கற எழுத்து. தெருவுல ஓடினது, அம்மா கார்ட சாமி படத்துக்குப் பக்கத்துல சொருகி வெச்சது, பச்சை டிவிஎஸ், உப்புத் தண்ணி, எல்லாம் ஒரே நேரத்துல வந்துச்சு. அப்பதான் எங்கயோ ஒண்ணு இடிச்சுது.

"குருவே."

"ம்."

"ஆமான்னா கார்டு. இல்லன்னாதான் நேர்ல."

"ஆமா."

"நீங்க எங்க வீட்டுக்கு நேர்ல வந்தீங்க."

அக்கா எழுதறத நிறுத்தல.

"எதுக்கு வந்தீங்க?"

"இல்லன்னு சொல்ல."

அக்கா அடுத்த கார்ட எடுத்தாங்க.

"உன் லெட்டர்ல பாதி ஜோக்கு. இவன் எங்க படிக்கப் போறான்னு லெட்டர் படிக்கற கமிட்டில எல்லாரும் சொன்னாங்க. நானும்தான் சொன்னேன். உங்க வீட்டுல மூணு தடவ வாயத் தொறந்தேன். மூணு தடவயும் நீ ஏதோ சொல்லி சிரிக்க வெச்சுட்ட. சிரிச்ச வாயால எப்படிடா சொல்றது? எழுந்து வந்துட்டேன்."

நான் உடைஞ்ச நாற்காலிய சுவத்துல சாய்ச்சு வெச்சு உக்காந்தேன்.

"ஆனா கமிட்டி சொன்னது சரிதானே அக்கா? நான் படிக்கலியே. பாதியில விட்டுட்டேனே. அன்னிக்கே சொல்லியிருந்தா என் எடத்துல வேற யாராவது படிச்சிருப்பாங்க. மெஷின் கூட என்னைத் தள்ளித்தான் இருக்கும். கரெக்டாத்தான் தள்ளியிருக்கும்."

அக்கா பேனாவ மூடினாங்க. மேசைல இருந்த டம்ளர எடுத்து, ஒரு வாய் குடிச்சுட்டு, மறுபடியும் வெச்சாங்க.

"உன்னப் பத்தி முடிவு பண்ணியாச்சுன்னு உங்கிட்ட யாருடா சொன்னது? நான் இன்னும் உங்க வீட்டுத் தண்ணியவே குடிச்சு முடிக்கல."